கிபிர் என்று நாம் சொன்னதெல்லாம் கிபிரா?

2022 மாசி மாதம் நான் குறிஞ்சாக்கேணிக்குப் போனது விமானங்களைப் பற்றி எழுத அல்ல. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2021 நவம்பர் 23 காலை, அங்கே புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழைய வழியை மூடிவிட்டு ஓடவிட்டிருந்த படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் தண்ணீரில் போனார்கள். அந்தக் குடும்பங்களைச் சந்தித்து ஒரு கட்டுரை எழுதுவதுதான் திட்டம்.

கரையில் ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் களப்பில் நாற்பது வருடத்துக்கு மேல் வலை போட்டவர். எங்கள் தலைக்கு மேலே சிறிய விமானம் ஒன்று இரைந்துகொண்டு வட்டம் போட்டது. நான் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"இது பழகுற பிளேன், மகள். சீனன்குடாவில படிக்கிற பொடியனுகள் ஓட்டுறது. கிபிர் எண்டா நாம இப்பிடி நிண்டு பேசிக்கிட்டு இருக்கேலா" என்றார்.

அவர் சொன்னது சரி. கிண்ணியாவுக்கு வடக்கே குடாவுக்கு அப்பால் இருக்கும் சீனன்குடா விமானத்தளத்தில் விமானப்படையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து எழும்புவது சீனத் தயாரிப்பான பி.டி.-6 போன்ற சின்னப் பயிற்சி விமானங்கள். அவர் அதைப் பார்த்து அறியவில்லை, சத்தத்தில் அறிந்தார். அவரிடம் 2006ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்கத் தோன்றியது அப்போதுதான்.

கேட்டதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அம்மம்மாவின் ஊர் சம்பூர். 2006 சித்திரையில் நான் திருகோணமலை நகரத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அவர் அங்கே இருந்தார். ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள் அப்போதைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே மூதூர் கிழக்கு மீது குண்டுவீச்சுத் தொடங்கியது, மறுநாளும் தொடர்ந்தது. வானிலிருந்து கிபிர், கரையிலிருந்து எறிகணை. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு அரச தரப்பு நடத்திய முதல் பெரிய வான் தாக்குதல் அது. அம்மம்மா வெருகல் தாண்டி மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்து, நிலம் விடப்பட்ட பிறகுதான் ஊருக்குத் திரும்பினார்.

குறிஞ்சாக்கேணியில் இருந்து சம்பூர், நேர்கோட்டில் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் இராது. இடையில் கொட்டியாரக்குடா. முதியவர் அன்று நடந்ததை இப்படிச் சொன்னார்: "அங்கால புகை எழும்பிச்சி. சத்தம் இல்ல. நான் பீடி ஒண்டு பத்த வெச்சி ரெண்டு இழுவை இழுத்துட்டன், அதுக்குப் பொறகுதான் தொம் எண்டு கேட்டிச்சி."

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் ஓடும். பன்னிரண்டு கிலோமீற்றரைக் கடக்க 35 விநாடி எடுக்கும். அவருடைய பீடிக் கணக்கு பிழையில்லை. இப்படியான சாட்சியத்தைக் கேட்கும்போது எனக்குள் இருக்கும் ஊடகக்கல்வி மாணவிக்கு ஒரு சந்தோசம் வரும். மனிதர் பொய் சொல்லவில்லை என்பதைப் பௌதிகவியலே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் எல்லாச் சாட்சியமும் இப்படி வருவதில்லை. அம்மம்மாவிடம் நான் 1990ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். "அப்பவும் கிபிர்தான் வந்து அடிச்சது" என்றார். 1990இல் இலங்கையில் கிபிர் என்று ஒரு விமானம் இல்லை. நான் தொடக்க காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது குண்டு போட்டது கிபிர் என்று எழுதிவிட்டேன். நவாலியில் இருந்து ஒருவர் கடிதம் போட்டார். "பிள்ளை, எங்கடை சனம் செத்தது உண்மை. நீர் எழுதின பிளேன் உண்மையில்லை. நாளைக்கு எவனும் இதைக் காட்டி மற்றதையும் பொய் எண்டு சொல்லுவான்." அந்தக் கடிதம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

கிபிர் என்பது எபிரேயச் சொல். பொருள், இளஞ்சிங்கம். சிங்கக் கொடி நாட்டுக்கு இந்தப் பெயர் எப்படி வாய்த்ததோ தெரியாது, வாய்த்துவிட்டது. 1967 போரோடு பிரான்சின் ஜனாதிபதி டி கோல் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை போட்டார். இஸ்ரேல் காசு கொடுத்திருந்த 50 மிராஜ்-5 விமானங்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. அதன் பிறகு இஸ்ரேல் மிராஜின் வடிவத்தில் தானே விமானம் செய்யத் தொடங்கியது. அதன் உடலுக்குள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தியபோது பிறந்ததுதான் கிபிர். 1975இல் வெளியே காட்டினார்கள். ஜே-79 என்பது வியட்நாமில் குண்டு போட்ட பாந்தம் விமானத்தின் அதே இயந்திரம். பிரெஞ்சு உடல், அமெரிக்க நெஞ்சு, இஸ்ரேலிய மூளை என்று சொல்லலாம்.

அந்த நெஞ்சு அமெரிக்காவினுடையது என்பது சின்ன விசயமல்ல. இயந்திரம் அமெரிக்காவினது என்பதால், இன்னொரு நாட்டுக்குக் கிபிரை விற்க இஸ்ரேலுக்கு வாஷிங்டனின் ஒப்புதல் வேண்டும். 1977இல் எக்குவடோர் 24 கிபிர் கேட்டபோது ஜிம்மி கார்ட்டர் நிர்வாகம் மறுத்தது. விற்பனை நின்றுபோனது. சில வருடங்கள் கழித்து, நிர்வாகம் மாறிய பிறகே எக்குவடோருக்குக் கிடைத்தது. ஆக, எங்கள் வானத்தில் பறந்த ஒவ்வொரு கிபிரும் இரண்டு தலைநகரங்களின் சம்மதத்தோடு வந்தது. நாம் இஸ்ரேலை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

உலகில் கிபிரை வாங்கித் தன் விமானப்படையில் சேர்த்த நாடுகள் மூன்றுதான்: எக்குவடோர், கொலம்பியா, இலங்கை. எக்குவடோரின் கிபிர் 1995இல் பெருவோடு நடந்த எல்லைப் போரில் எதிரி விமானம் ஒன்றைச் சுட்டு விழுத்தியது. அதாவது அந்த விமானம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்தது. இலங்கையில் அது அந்த வேலையை ஒரு நாளும் செய்யவில்லை. செய்வதற்கு எதிரே விமானமே இருக்கவில்லை.

இலங்கைக்கு அது வந்த காரணம் 1995. அந்த வருடம் ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்களைப் புலிகள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். யூலையில் ஒரு புக்காராவும் விழுந்தது. புக்காரா ஆர்ஜென்டினாவில் செய்தது, காற்றாடி இயந்திரம் இரண்டு கொண்டது, மெதுவானது. ஏவுகணைக்கு நல்ல இலக்கு. அரசாங்கம் வேகமான ஜெட் தேடியது. இஸ்ரேல் தன் படையில் இருந்து கழித்துக்கொண்டிருந்த கிபிர்கள் கிடைத்தன. 1996 ஜனவரியில் கட்டுநாயக்கவில் 10ஆம் இலக்கத் தாக்குதல் அணி உருவாக்கப்பட்டது, முதல் தொகுதியாக ஏழு விமானங்கள் வந்தன.

இதில் கவனிக்க ஒரு விசயம் இருக்கிறது. அப்போது இலங்கைக்கும் இஸ்ரேலுக்கும் இடையே இராஜதந்திர உறவே கிடையாது. ஜே.ஆர். ஜயவர்த்தன 1984இல் கொழும்பில் திறந்துவிட்ட இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவைப் பிரேமதாச 1990இல் மூடிவிட்டார். தூதரகம் இல்லை, கைகுலுக்கல் இல்லை, கொடி இல்லை. வியாபாரம் மட்டும் நடந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததும் அந்த வெட்கமும் போனது. மே மாதத்தில் உறவு முறைப்படி புதுப்பிக்கப்பட்டது, மேலும் கிபிர்கள் வந்தன. அதே வருடம் உக்ரைனிடம் இருந்து மிக்-27 விமானங்களும் வந்தன. வருடக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் இலங்கை மொத்தமாக வாங்கிய கிபிர்கள் பதினாறு அளவில்தான்.

பதினாறு. அதுவும் ஒரே நேரத்தில் அல்ல. விழுந்தது, எரிந்தது, பழுதுக்கு நின்றது போக, ஒரு நாளில் எழும்பக்கூடியவை அதைவிடக் குறைவு. வன்னியில் வளர்ந்த நண்பர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஏன் அப்படித் தோன்றியது? வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தேன். கட்டுநாயக்கவில் இருந்து சம்பூருக்கு ஏறத்தாழ 210 கிலோமீற்றர், முல்லைத்தீவு வள்ளிபுனத்துக்கு ஏறத்தாழ 250. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒன்று பதினான்கு நிமிடம், மற்றது பதினேழு. கொழும்பில் ஒருவர் நீர்கொழும்பு வீதி வாகன நெரிசலில் நிற்கும் நேரத்தில் விமானம் வன்னிக்குப் போய்க் குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதே நான்கு விமானம் காலையிலும் வரலாம், மதியமும் வரலாம், பின்னேரமும் வரலாம். கீழே பதுங்குகுழிக்குள் இருப்பவருக்கு அவை பன்னிரண்டு. எதிர்க்க வானத்தில் எதுவும் இல்லாததால் அவசரமும் இல்லை. பெரிய வல்லரசுகளின் விமானப்படை செய்யும் வேலையை ஒரு சின்ன விமானப்படை செய்ய முடிந்தது இப்படித்தான்: தூரம் குறைவு, வானம் காலி.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சத்தம் கேட்டால் தப்பிவிட்டாய் என்று அர்த்தம்" என்று வன்னியில் ஒரு பேச்சு இருந்தது. கிபிர் ஒலியை விட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது என்பது உண்மை. ஆனால் வயிறு நிறையக் குண்டோடு வரும்போது அது அந்த வேகத்தில் பறப்பதில்லை, ஒலிக்குக் கீழேதான் வரும். இருந்தும் முன்கூட்டிக் கேட்காமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. விநாடிக்கு 250 மீற்றர் வேகத்தில் உங்களை நோக்கி வரும் விமானம் மூன்று கிலோமீற்றர் தொலைவில் இருக்கும்போது எழும்பிய ஒலி உங்கள் காதுக்கு வர ஒன்பது விநாடி. அந்த ஒன்பது விநாடிக்குள் விமானம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நெருங்கிவிடும். உங்களுக்குக் கேட்கும்போது மிச்சம் இருப்பது மூன்று விநாடி. பதுங்குகுழியின் வாசல் பத்து அடியில் இருந்தால் போதும், இருபது அடியில் இருந்தால் போதாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்றால் பத்து அடியும் தூரம். தாய்மார் சமையல் அறைக்குப் பக்கத்திலேயே பதுங்குகுழி வெட்டக் கேட்டது வெறும் பயத்தில் அல்ல.

கிபிருக்கு முன் வருவது "வண்டு". ஆளில்லா வேவு விமானத்துக்கு நம் சனம் வைத்த பெயர். அதுவும் 1996 முதல் இஸ்ரேலில் இருந்தே வந்தது. வண்டு இரைந்தால் அடுப்பை அணைப்பார்கள், வெள்ளைத் துணியைக் கொடியில் இருந்து எடுப்பார்கள். பெயர் வைப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஈடில்லை. பீப்பாய்க் குண்டு தள்ளிவிட்ட கனத்த போக்குவரத்து விமானம் "சகடை". 1991இல் சீனாவில் இருந்து வந்த எஃப்-7 ஜெட் "சுப்பர்சொனிக்". 1985 முதல் பறந்த இத்தாலிய மார்ச்செட்டி "சியாமாசெட்டி", கேட்டால் செட்டிநாட்டுப் பாட்டன் பெயர் போலிருக்கும். புக்காரா புக்காராதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஒரு வருடம், ஒரு ஊர்.

பிறகு வந்த கிபிர் எல்லாப் பெயரையும் விழுங்கிவிட்டது. 1996க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு வானில் இருந்து குண்டு போடும் எதுவும் கிபிர். மூத்தவர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு பழைய நினைவுகளுக்கும் போர்த்திவிட்டார்கள். மிக் போட்ட குண்டும் கிபிர், புக்காரா போட்ட குண்டும் கிபிர், 1990இல் சம்பூரில் சுட்டதும் கிபிர்.

உண்மையான வரிசையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நவாலித் தேவாலயத்தில் தஞ்சமிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டது 1995 யூலை 9. நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் பிள்ளைகள் கொல்லப்பட்டது 1995 செப்ரெம்பர் 22. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது 1995 ஒக்டோபர் 30. இவை மூன்றும் நடந்தபோது இலங்கையில் கிபிர் இல்லை. யாழ்ப்பாணத்தின் பெரிய துயரங்கள் பெரும்பாலும் கிபிருக்கு முந்தியவை. கிபிரின் காலம் வன்னியினதும் கிழக்கினதும் காலம். 1999 செப்ரெம்பர் 15 புதுக்குடியிருப்பு மந்துவில் சந்தையில் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்களே, அது கிபிர். 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கு, கிபிர். 2006 ஓகஸ்ட் 14 வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள், கிபிர்.

செஞ்சோலையைச் சொல்லும்போது, விமானப்படை அதைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெஃப்பும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறந்தவர்கள் மாணவிகள் என்றன. 2006 நவம்பரில் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழு விசாரிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. 2009இல் பட்டியலை முடிக்காமலே ஆணைக்குழு கலைந்தது. எந்த விமானம், யார் ஓட்டியது, யார் இலக்குக் கொடுத்தது, என்ன குண்டு என்ற கேள்விகளுக்குப் பதில் கட்டுநாயக்கவில் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு பறப்புக்கும் பதிவு எழுதாத விமானப்படை உலகில் இல்லை.

இதனால்தான் விமானத்தின் பெயர் முக்கியம் என்கிறேன். 2021 மார்ச்சில் ஜெனீவாவில் 46/1 தீர்மானம் நிறைவேறிய பிறகு ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாத்துவருகிறது. ஒரு நாள் ஒரு சட்டத்தரணி மேசையில் இரண்டு தாளை வைத்துப் பார்ப்பார். ஒன்று பறப்புப் பதிவேடு, மற்றது எங்கள் சாட்சியம். 1995இல் கிபிர் என்று இருந்தால் அந்த இடத்திலேயே பேனையால் ஒரு கோடு விழும். செத்தவரின் பெயரும் அந்தக் கோட்டுக்குக் கீழே போகும்.

விமானம் வாங்கிய கணக்கைக் கேட்பதும் இதே வேலையின் இன்னொரு பக்கம். 2006இல் உக்ரைன் மிக்-27 விமானங்கள் நான்கை வாங்கிய விதத்தைச் சண்டே லீடரில் லசந்த விக்கிரமதுங்க 2007இல் எழுதினார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ அந்தப் பத்திரிகைக்கு எதிராக அவதூறு வழக்குப் போட்டார். 2009 ஜனவரி 8 அன்று லசந்த வீதியில் வைத்துக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. அவர் கேட்டது சிங்கள வரிப்பணத்தின் கணக்கை மட்டுமல்ல. அந்த விமானங்களின் குண்டு எங்கே விழுந்தது என்பதால் அது எங்கள் கணக்கும்கூட.

கிபிரால் செய்ய முடியாமல் போனவற்றையும் எழுத வேண்டும். 2001 யூலை 24 அதிகாலை கரும்புலிகள் கட்டுநாயக்கவுக்குள் புகுந்தபோது இரண்டு கிபிர்கள் தரையிலேயே எரிந்தன, பயணிகள் விமானங்களும் எரிந்தன. 2007 மார்ச் 26 இரவு புலிகளின் சின்ன ஸ்லின் விமானங்கள் அதே தளத்தின் மீது குண்டு போட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. விமானப்படையினர் மூவர் இறந்தார்கள். கோடிக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிய சண்டை விமானம், விளையாட்டுச் சாமான் போன்ற காற்றாடி விமானத்தைப் பிடிக்க முடியவில்லை. இலங்கை வைத்திருந்த கிபிரில் இலக்கின் தூரத்தை அளக்கும் சிறு ராடர்தான் இருந்தது, இரவில் பனைமர உயரத்தில் வருவதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண் இல்லை. அதற்காக 2008இல் சீனாவிடம் ராடர் பொருத்திய எஃப்-7 புதிய ரகத்தை வாங்கினார்கள். போர் முடிந்த பிறகு, 2011 மார்ச் 1, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்த இரண்டு கிபிர்கள் கம்பகா பக்கம் வானில் மோதின. ஒரு விமானி இறந்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். இஸ்ரேல் எப்போதோ கிபிரைக் கைவிட்டுவிட்டது. கொலம்பியாவும் 2025இல் சுவீடனின் கிரிப்பனைத் தெரிவு செய்துவிட்டது. இலங்கையோ 2021 யூனில், நாட்டின் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இஸ்ரேலிய நிறுவனத்தோடு 5 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்தது. பழைய கிபிர்களுக்குப் புதிய மின்னணுக் கருவிகள் பூட்டி மறுபடி பறக்கவிடுவது நோக்கம். எந்த எதிரிக்கு எதிராக என்று நாடாளுமன்றத்தில் யாரும் விளங்கக்கூடிய விதத்தில் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பாலம் முடியவில்லை, மாற்று வழி சரியாக இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

கரையில் இருந்த முதியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொன்றைச் சொன்னார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"மகள், சித்திரையில சம்பூருக்கு அடிக்கக்குள்ள இஞ்ச கொஞ்சப் பேர் சும்மா பாத்துக்கிட்டு நிண்டம். நமக்கு இல்லதானே எண்டு. நானும் நிண்டன். ஆவணியில மூதூரில இருந்து நம்மட சனம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. அப்பதான் வெளங்கிச்சி."

2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகருக்குள் புலிகள் புகுந்தார்கள், இராணுவம் எறிகணை அடித்தது, இரண்டுக்கும் நடுவில் பல்லாயிரம் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடினார்கள். வழியில் இறந்தவர்களும் உண்டு. தமிழ் ஊடகங்களில் நாங்கள் ஏப்ரலை எழுதிய அளவுக்கு அந்த ஓகஸ்டை எழுதவில்லை. சம்பூரில் எழுந்த புகையைப் பார்த்த சாட்சிகள் குறிஞ்சாக்கேணியில் இருக்கிறார்கள், அவர்களிடம் பதினாறு வருடமாக ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நானும் தற்செயலாகத்தான் கேட்டேன். அவர்கள் குண்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். எத்தனை விமானம், எந்தத் திசையில் இருந்து வந்தது, எத்தனை தரம் திரும்பி வந்தது என்பதை பதுங்குகுழிக்குள் குப்புறப் படுத்திருந்தவரை விட அவர்களால்தான் தெளிவாகச் சொல்ல முடியும். முதியவர் சொன்னார்: இரண்டு இரண்டாக வந்தது, மேற்குப் பக்கம் இருந்து, ஒன்று குத்தும்போது மற்றது மேலே நின்றது.

வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கிபிரா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். காற்றாடி தெரிந்ததா என்று கேளுங்கள், தெரிந்தால் அது ஜெட் அல்ல. சத்தம் முதலில் வந்ததா, விமானம் முதலில் வந்ததா? வட்டம் போட்டதா, நேரே வந்து போனதா? இறக்கை எப்படி இருந்தது? கிபிருக்கு முக்கோண இறக்கை, வாலில் கிடைச்சிறகு இல்லை, மூக்குக்குப் பின்னால் இரண்டு குட்டிச் சிறகு. மிக்குக்கு வாலில் தனிச் சிறகு உண்டு. அந்த வாரம் என்ன திருவிழா, என்ன நோன்பு, வயலில் என்ன வேலை என்றும் கேளுங்கள். திகதி மறந்தவருக்கும் அறுவடை மறக்காது.

சம்பூருக்குப் போய் அம்மம்மாவிடம் நான் மறுபடி அப்படித்தான் கேட்டேன். 1990இல் வந்தது எப்படி இருந்தது?

"சின்னன். நுளம்பு மாதிரி இரையும். எங்கடை கிணத்தடிக்கு மேலால சுத்திச் சுத்தி வந்து சுடும். முன்னுக்குக் காத்தாடி சுத்தினதைக் கண்ணால கண்டனான். ஓட்டுறவன்ரை தலையும் தெரிஞ்சது."

"அம்மம்மா, அது கிபிர் இல்லை. சியாமாசெட்டியாக இருக்க வேணும்."

"உனக்கு அது எந்தச் செட்டியோ. எனக்குக் கிபிர்தான்."

பதிவுத் தாளில் விமான வகை என்ற இடத்தில், சாட்சி கிபிர் என்று அழைக்கிறார், மூக்கில் காற்றாடி கண்டதாகச் சொல்கிறார், என்று இரண்டையும் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.